கன்டினியூட்டி வீட்டு ஹால்

தன் சொந்த வீட்டு ஹாலில் ஒரு நாற்காலியை நகர்த்தப் பயந்து, சுவரோரமாகப் பக்கவாட்டில் நடந்துபோன வீட்டுக்காரர் இந்தியாவிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் மேற்குத் தாம்பரத்தில் இருந்தார். செல்போன்களில் கேமரா வராத இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன்.

அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. தெருவுக்கு அது தேவைப்படவில்லை. கீரை விற்பவர் முதல் கேஸ் சிலிண்டர் போடுபவர் வரை எல்லாருக்கும் அவர் கன்டினியூட்டி. "கன்டினியூட்டி கீறாரா வூட்ல?" என்றுதான் வாசலில் வந்து கேட்பார்கள். கேலிக்கு வைத்த பெயரை அவர் ஒரு பதவியைப் போல ஏற்றுக்கொண்டிருந்தார்.

அந்தப் பகுதியின் பழைய குடும்பம் அவருடையது. அப்பா காலத்து வயல்கள் மனைகளாகிப் போனபின் பெரிதாக ஒரு வீடு கட்டினார். கட்டும்போது மேஸ்திரிக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஹாலின் நடுவிலிருந்து மாடிப்படி கிளம்ப வேண்டும். பாதியில் இரண்டாகப் பிரிய வேண்டும். மேஸ்திரிக்கு இது பிடிபடவில்லை. அவரைக் கூட்டிவந்து டிவி முன்னால் உட்கார வைத்தார்.

"அதோ, அந்தம்மா எறங்கி வருது பாரு. அந்தப் படிதான்."

"எங்க நைனா படியப் பாக்க வுடுது, அந்தம்மா அப்பிடி அழுவுதே!" என்று மேஸ்திரி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். சில மாலைகள் சேர்ந்து அழுத பிறகே படி எழும்பியது. எழும்பிய படி மேலே போய் ஒரு பூட்டிய கதவில் முடிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் என் சமையலறை. நான் ஏறி இறங்க வெளியே இரும்புப் படி ஒன்று இருந்தது.

மாலை ஏழு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால் பத்து மணிவரை அவர் யாருக்கும் கிடையாது. வாடகை கொடுக்கப் போனால்கூட விளம்பரம் வரும்வரை கதவருகே நிற்க வேண்டும். "இந்த வூட்ல யாராச்சும் சாவணும்னா பத்து மணிக்கு மேலதான் சாவணும்" என்பார் அவர் மனைவி கஸ்தூரி அக்கா. கன்டினியூட்டி வெறுமனே பார்க்கிறவர் அல்லர். எச்சரிக்கை செய்வார். "கதவத் தொறக்காதம்மா! வெளிய அவ நின்னுகினு கீறா!" என்று அவர் போடும் சத்தத்தில் எங்கள் தெருவில் வேறு சில வீடுகளிலும் கதவைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

அவருடைய உயிர் 'மரகதம் இல்லம்' என்ற தொடர். மரகதம் ஒரு பெரிய வீட்டு மருமகள். அந்த வீட்டில் அவளுக்கு நல்லது நினைப்பவர் மாமனார் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் பாலில் எதையாவது கலப்பவர்கள். ஒருநாள் அந்தத் தொடரின் தயாரிப்பு நிர்வாகி வாசலில் வந்து நின்றார். கதைப்படி மரகதத்தின் குடும்பம் வேறு வீட்டுக்குப் போகிறது; அதற்கு ஒரு பிரியும் மாடிப்படி வேண்டுமாம்.

கன்டினியூட்டி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கத்தினார்.

"கஸ்தூரி! மரகதம் நம்ம வூட்டுக்குக் குடி வருது!"

"மேலதான் சார் கீறாரே, அத்த எங்க வைக்கப் போற?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

முதல் நாள் படப்பிடிப்புக்கு முன்பு ஐயரை வரவழைத்துப் பால் காய்ச்சினார். கதையில் குடிபோகிற குடும்பத்துக்கு நிஜத்தில் பால் காய்ச்சியது அநேகமாக அவர் ஒருவர்தான். வாசலில் 'கஸ்தூரி இல்லம்' என்றிருந்த பெயரை அழித்து 'மரகதம் இல்லம்' என்று எழுதினார்கள். அக்கா இரண்டு நாள் அவருக்குச் சாம்பாரில் உப்புப் போடவில்லை.

பானு என்று ஒரு உதவி இயக்குநர். ஒல்லியான, எப்போதும் அவசரத்தில் இருக்கிற பெண். அவள்தான் அவருக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு காட்சியைப் பாதியில் நிறுத்தி அடுத்த வாரம் தொடர்ந்தால், எல்லாப் பொருளும் விட்ட இடத்தில் விட்டபடி இருக்க வேண்டும். அதற்குப் பெயர் கன்டினியூட்டி. "கொஞ்சம் பாத்துக்கோங்க அண்ணா" என்றாள். அந்தக் 'கொஞ்சம்' மட்டும் அவர் காதில் விழவில்லை.

மறுநாளிலிருந்து அந்த ஹாலில் காலம் நின்றது. கடிகாரம் நாலு மணியில் நின்றது, ஏனென்றால் கதையில் அப்போது சாயங்காலம். காலண்டரில் தை மாதம்; வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. டீப்பாயில் கிடந்த பழைய செய்தித்தாளை எடுக்கக் கூடாது. என் பைக் ஒரு காட்சியில் போர்ட்டிகோவின் ஓரமாகத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அது என் பைக் இல்லை.

"சார், அத்த எடுக்காதீங்க. மரகதம் அழுவும்போது பின்னாடி கீது."

"அண்ணே, எனக்கு ஆபீஸ் போகணும்."

"எலெக்ட்ரிக் ட்ரெயின் கீதே சார். மரகதத்துக்கு இன்னா கீது?"

ஒரு காலை நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது டார்ச் விளக்கோடு மாடிக்கு வந்தார். என் சுவர்களை மூலைக்கு மூலை அடித்துப் பார்த்தார். "ஒரு பல்லி சார். போன சீன்ல டியூப்லைட் பக்கத்துல நின்னுகினு இருந்துச்சு. இன்னிக்கிக் காணம். உங்க பக்கம் வந்துச்சா?" வந்ததைப் பிடித்துக் கொடுத்திருந்தால் அதை எப்படி நிற்க வைத்திருப்பார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படப்பிடிப்பு நாட்களில் என் பூட்டிய கதவை யாராவது தட்டுவார்கள். "மாடி சார்! தாளிக்காதீங்க, டேக்!" மரகதம் எத்தனை முறை கண்ணீர் விட்டாளோ அத்தனை முறை நான் ரசத்தைத் தாளிக்காமல் சாப்பிட்டேன்.

ஹாலின் கண்ணாடி அலமாரியில் அக்காவின் பீங்கான் பொம்மைகள் இருந்தன. அவை பரணுக்குப் போய், அந்த இடத்தில் கன்டினியூட்டியின் சேகரிப்பு குடியேறியது. மரகதம் கோபத்தில் உடைத்த வளையல் துண்டுகள். வில்லி பிடுங்கி எறிந்த டெலிபோன் ரிசீவர். மரகதத்துக்கு விஷம் கொடுத்த பால் டம்ளர். அதன் மேல் 'விஷம், தொடாதீர்கள்' என்று தாளில் எழுதி ஒட்டியிருந்தார். அதைப் படித்துவிட்டு அவருடைய ஒன்றுவிட்ட தம்பி அந்த வீட்டில் காபி குடிப்பதை நிறுத்திவிட்டார்.

சேகரிப்பின் சிகரம் ஒரு கிளிசரின் பாட்டில். நடிகை கண்ணில் தடவி அழுத அதே பாட்டில். ஒரு நாள் பாட்டிலில் அளவு இறங்கியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கஸ்தூரி, இத்த எவன் எடுத்தான்?"

"நான்தான். குதிகால்ல வெடிப்பு. கிளிசரின் போட்டா நல்லதுன்னாங்க."

"அடிப்பாவி! அது மரகதத்தோட கண்ணீரு!"

"அப்ப நல்ல கண்ணீருதான். வெடிப்பு மூடிகிச்சு, பாரு" என்று அக்கா காலை நீட்டிக் காட்டினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தது. மாமனாரைச் சாகடிக்க முடிவு செய்துவிட்டார்கள். அந்த நடிகர் சாந்தமான மனிதர். டேக்குக்கும் டேக்குக்கும் நடுவே பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே அழகாகச் செத்தார். கிளம்பும்போது கன்டினியூட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பப் பாத்துக்கங்கய்யா" என்றார். "செத்தாச்சே, இனிமே உடம்புக்கு என்ன வரப்போகுது" என்று சொல்லிவிட்டு அவர் வேனில் ஏறினார். ஹால் சுவரில் அவருடைய பெரிய படம், அதற்கு ரோஜா மாலை, கீழே விளக்கு.

எடுத்த காட்சி டிவிக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இந்தச் சாவு வெளியே கசியக் கூடாது என்று இயக்குநர் வீட்டில் எல்லாரிடமும் வாக்கு வாங்கியிருந்தார். டிவியில் மாமனார் அப்போது ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயோடு படுத்திருந்தார். ஊரே அவருக்காக வேண்டிக்கொண்டிருந்தது.

சரியாக அந்த வாரம்தான் தேவியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

தேவி அவர்களுடைய ஒரே மகள். கிண்டியில் வேலை. கூடுவாஞ்சேரியில் ஏறுகிற ஒரு பையனை அவளுக்கு மின்சார ரயிலில் பழக்கம். இருவரும் தத்தம் வீட்டில் சொல்லி, இரண்டு பக்கமும் ஒருவழியாகச் சம்மதித்திருந்தார்கள். பையனின் அம்மா சம்மதித்ததற்கு முக்கியக் காரணம் பெண் இருப்பது மரகதத்தின் வீட்டில் என்பது. கோயிலில் வைத்துப் பார்க்கலாம் என்று கஸ்தூரி அக்கா சொல்லிப் பார்த்தார். "மரகதம் வீட்டு ஹால்ல உக்காராம பொண்ணு பாக்கறதா?" என்று அந்தம்மா மறுத்துவிட்டார். ஆபத்து ஒன்றுதான்: பையனின் தாய்மாமா. பூனை குறுக்கே போனதற்காக ஒரு சம்பந்தத்தைத் தெருமுனையோடு திருப்பியவர். ஞாயிற்றுக்கிழமை அவரும் வருகிறார். திங்கட்கிழமை காரியக் காட்சி எடுக்கப் படக்குழு வருகிறது.

"அத்தக் கயட்டி உள்ள வைய்யா" என்றார் அக்கா. "பொண்ணு பாக்க வர்ற வூட்ல மாலை போட்ட படமும் வெளக்குமா கீது."

"தொடாத! திங்கக்கெயம அதே மாலைதான், அதே மாரி வாடிகினு இருக்கணும். பானு பொண்ணு என்ன நம்பி வுட்டுட்டுப் போயிகீது."

"நீ பெத்த பொண்ணும் உன்னத்தான் நம்பிகினு கீது."

தேவி ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. "அப்பா, ஒரே ஒரு நாள்ப்பா. ப்ளீஸ்" என்றாள். கன்டினியூட்டி ஹாலின் ஓரத்தில் இப்படியும் அப்படியும் நடந்தார். கடைசியில் விளக்கை மட்டும் அணைத்துவிட்டு, படத்தைத் தொடாமல், அதற்கு மேலே ஆணி அடித்து, அக்காவின் பச்சைப் பட்டுப்புடவையைத் திரைபோலத் தொங்கவிட்டார். புடவை காற்றில் ஆடக் கூடாது. ஆகவே ஃபேன் ஓடக் கூடாது. நம்ம பக்கம் படித்த ஆள் ஒருவர் வேண்டும் என்று என்னை அழைத்து, ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

கூடுவாஞ்சேரிக்காரர்கள் வந்தார்கள். பையனின் அம்மா உள்ளே காலை வைத்ததுமே கையைக் கூப்பினார். "இதே படி! இதே சோபா!" என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். மரகதம் அழுகிற இடத்தைக் கேட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சம்மந்தி, ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. மாமனாரு பொழச்சிப்பாரு இல்ல? நான் வெளக்கேத்தி வேண்டிகினு கீறேன்" என்றார்.

அவருக்கு ஒரு கை தூரத்தில், பச்சைப் பட்டுக்குப் பின்னால், மாமனார் மாலையோடு இருந்தார். கன்டினியூட்டியின் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி மீசையில் நின்றது.

"கதைய வெளிய சொல்லக் கூடாதும்மா."

"இன்னா புழுக்கம்" என்றார் தாய்மாமா. "ஃபேன் போடுங்களேன்."

"கரண்ட் இல்ல" என்றார் கன்டினியூட்டி.

எல்லாரும் தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்த டியூப்லைட்டைப் பார்த்தார்கள்.

"கரண்ட் கீது. ஃபேன்தான் ரிப்பேரு."

"ரிப்பேரா?" தாய்மாமாவின் முகம் மலர்ந்தது. "நான் கரண்டு ஆபீஸ்லதான் கீறேன். நவுருங்க சார், பாக்கலாம்." நான் சுவிட்சை முதுகால் மறைக்கப் பார்த்தேன். லைன்மேனிடம் சுவிட்சை மறைப்பது நடக்கிற காரியமா? என் தோளுக்கு மேலாகக் கை வந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. "நல்லாத்தானே ஓடுது!" என்று அவர் சொல்லி முடிக்கவும், பச்சைப் பட்டு ஒரு முறை படபடத்து, ஆணியிலிருந்து நழுவி, அவர் தலையிலேயே விழுந்தது.

பையனின் அம்மா சுவரைப் பார்த்தார்.

"போயிட்டாரா! ஐயோ, என் மரகதத்துக்கு இனிமே யாரு கீறா!"

மார்பில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் தெருவில் இரண்டு பேர் வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றினார்கள். தாய்மாமா தலையிலிருந்த புடவையை இழுத்துப் போட்டார். முகம் கறுத்துவிட்டது.

"எயிந்துரு அக்கா. நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல ஒப்பாரி. இது சரிப்படாது. எல்லாரும் எயிந்துருங்க."

பையனின் அப்பாவும் எழுந்துவிட்டார். பையன் எழவில்லை; தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள் கதவருகே தேவி காபித் தட்டோடு நின்றிருந்தாள். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் அந்த ஒப்பாரியிலும் எனக்குக் கேட்டது.

கன்டினியூட்டிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். மகளை ஒரு முறை பார்த்தார். ஹாலின் குறுக்கே, நடுவிலேயே, நேராக நடந்தார். வழியிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். டீப்பாய் சாய்ந்து பழைய செய்தித்தாள் பறந்தது. நாற்காலி மேல் ஏறிப் படத்தைக் கழற்றினார். மாலையைப் பிய்த்து எறிந்தார். வாடிய ரோஜா இதழ்கள் ஃபேன் காற்றில் ஹால் முழுக்கச் சுழன்றன.

"அழுவாதம்மா! அவரு சாவல! இது கெனா! மரகதம் காண்ற கெனா!"

அழுகை பாதியில் நின்றது. "கெனாவா?"

"கெனாதான். அது தூங்கி எயிந்துக்கும். மாமனாரு ஆஸ்பத்திரிலேர்ந்து நடந்து வருவாரு."

"சத்தியமா?"

கன்டினியூட்டி படத்தை இடுக்கிக்கொண்டு போய், டிவிப் பெட்டியின் மேல் வலது கையை வைத்தார். "சத்தியமா."

அவர் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பொய்ச் சத்தியம் இருக்க முடியாது. எல்லாரும் தாய்மாமாவைப் பார்த்தார்கள். அவர் தோளில் ஒட்டியிருந்த ரோஜா இதழைத் தட்டிவிட்டார்.

"கெனாவுல சாவு கண்டா வூட்ல கல்யாணம்னு சொல்லுவாங்க" என்றார். "நல்ல சகுனம்தான்." உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்த வேகத்திலேயே, மனம் மாறுவதற்குள், கஸ்தூரி அக்கா தேவியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பையனின் அம்மா கண்ணைத் துடைத்த கையோடு அவள் தலையில் மல்லிகைப் பூ வைத்தார்.

திங்கட்கிழமை பானு வந்து ஹாலைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். கன்டினியூட்டி பள்ளிக்கூடத்துப் பையனைப் போல நின்று எல்லாவற்றையும் சொன்னார். இயக்குநர் சிரித்துவிட்டு, மரகதமே புது மாலை போடுவதுபோல ஒரு ஷாட் எடுத்தார், தீர்ந்தது. இவருக்குத் தீரவில்லை. "கெனாவாவே மாத்திடுங்க சார், உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று இயக்குநரின் பின்னாலேயே போர்ட்டிகோவரை போனார். மாமனார் ஏற்கெனவே இன்னொரு தொடரில் வில்லனாகப் போய்விட்டார் என்று தெரிந்ததும் அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

சாவு டிவிக்கு வருகிற நாளும் வந்தது. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயிருந்தது. கன்டினியூட்டி மாலை நாலு மணிக்கே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"சார், கூடுவாஞ்சேரி போலாம், வாங்க. அந்தம்மா தனியாப் பாத்துச்சுன்னா தாங்காது. சாவு சொல்லாம வுடலாமா? நானே போய்ச் சொல்லிடறேன். அதுக்கு மேல அவங்க இஷ்டம்."

ரயில் முழுக்கத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். போய்ச் சேர்ந்தபோது பையனின் அம்மா டிவி முன்னால் தயாராக இருந்தார். தாய்மாமா நல்லவேளையாக டியூட்டியில் இருந்தார். "வாங்க சம்மந்தி! இன்னிக்கி மாமனாரு எயிந்துப்பாரு இல்ல?" என்று அந்தம்மா முறுக்குத் தட்டை நீட்டினார். கன்டினியூட்டி எடுக்கவில்லை. முதல் விளம்பரம் வந்ததும் சொன்னார்.

"அன்னிக்கி டிவி மேல கை வச்சி சொன்னது பொய்யிம்மா. அவரு இன்னிக்கிப் போயிடுவாரு. எம் பொண்ணு வாழணும்னு சொல்ட்டேன். கோவம்னா என்ன அடிங்க. அத்த ஒண்ணும் சொல்லாதீங்க."

அந்தம்மா முறுக்குத் தட்டைக் கீழே வைத்தார். அதற்குள் விளம்பரம் முடிந்துவிட்டது. திரையில் மானிட்டர் கோடு நேரானது. செய்தி கேட்டு மரகதம் வீட்டுப் படியில் சரிந்தாள். அம்மா அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டே திரும்பிப் பார்த்தார். பஜ்ஜி சாப்பிட்டபடி அந்த மனிதர் சாவதைத் தன் கண்ணாலேயே பார்த்த கன்டினியூட்டி, துண்டை வாயில் பொத்திக் குலுங்கிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் பண்ணீங்க சம்மந்தி" என்றார் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அன்னிக்கி நிறுத்தாம அழுதிருந்தா கல்யாணம் நின்னிருக்கும். இன்னிக்கி அழுதா யாரு கேக்கப் போறா? நல்லா அழுவுங்க."

இருவரும் நல்லா அழுதார்கள். நான் முறுக்குச் சாப்பிட்டேன். கடைசியில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செத்த கட்டிலு ஆஸ்பத்திரிதா, உங்களுதா?" என்று கேட்டார்.

"எங்க தேவி கட்டிலும்மா. வெள்ளப் பெயின்ட் அடிச்சி எடுத்தாங்க."

"அத்த மட்டும் சீர்ல வச்சிடாதீங்க."

திரும்பும் ரயிலில் காற்று நன்றாக வந்தது. வண்டலூர் தாண்டியதும் கன்டினியூட்டிக்குப் பழைய குரல் வந்துவிட்டது. மாமனார் போனபின் சொத்துக்காக வில்லி என்ன செய்யப் போகிறாள், மரகதம் எந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு நாடகம், தொடர் எதிலும் ஒட்டுதல் கிடையாது. தாம்பரம் வந்தது. எல்லாரும் இறங்கிப் படியை நோக்கிப் போனார்கள். கதை பாதியில் நின்றது. நான் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கும் இடம் விட்டு, "அப்புறம்?" என்றேன்.